பதினொரு தடவை கூப்பிட்டவர்

மேகலா சைக்கிளை விட்டது பத்தொன்பதாவது வயதில். சைக்கிளுக்கு ஒன்றும் கேடில்லை, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பீளமேட்டு வீட்டிலிருந்து கல்லூரிக்கு நாலு கிலோமீட்டர். அந்த நாலு கிலோமீட்டரில் பேக்கரி வாசலில் டீயோடு நிற்பவன் ஒன்று சொல்வான், டெம்போவில் தொங்கிக்கொண்டு போகிறவன் ஒன்று சொல்வான், இவர்களைப் பார்த்துப் பழகிய பொடியன்கூட ஒன்று சொல்வான். கையைப் பிடித்து இழுத்தவன் எவனுமில்லை. வெறும் வாய்தான். வாய் என்றால் சும்மாவா? சாயங்காலம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகும் அந்தப் பேச்சு காதை விட்டுப் போகாது.

காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தாள். பாட்டைச் சத்தமாக வைத்தால் பின்னால் வரும் பஸ் கேட்கவில்லை. குறைத்து வைத்தால் பேக்கரி வாசல்காரன் பேச்சு கேட்டது. ஒரு நாள் லாரி ஒன்று முழங்கையை உரசிக்கொண்டு போனது. அன்று மாலையே அப்பா சைக்கிளை விற்றுவிட்டு பஸ் பாஸ் வாங்கிக் கொடுத்தார். மேகலா மறுபேச்சுப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று பிற்பாடு பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நினைப்புதான் ‘தோழி’யாக வந்தது என்று சொல்லலாம். அதற்குள் இருபது வருஷம் ஓடிவிட்டது. கோவை நகருக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளே வரக்கூடாது என்று சட்டம் போட்டு, குளக்கரைகளையெல்லாம் சைக்கிள் பாதையாக்கியிருந்தார்கள். பாதை வந்தது. பெண்கள் வரவில்லை. பேக்கரிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஒலிப் பொறியியல் படித்த மேகலா, கிருபாகரன் என்கிற முதலாளியோடு சேர்ந்து ‘தோழி’ என்கிற சின்னக் கருவியைச் செய்தாள். காதுக்குப் பின்னால் செருகிக்கொள்வது, சுண்டுவிரல் நுனியளவு. சைக்கிள் ஓட்டும்போது பாட்டுப் பாடும். பஸ்ஸின் ஹாரன், மணிச் சத்தம், நாய் குரைப்பு எல்லாவற்றையும் உள்ளே விடும். அப்பா, அண்ணன், கூடப் படிப்பவன் என்று பழகிய குரல்களையும் விடும். ஒன்றை மட்டும் விடாது. முன்பின் தெரியாத ஆண் ஒருவன், போகிற பெண்ணைப் பார்த்து எறிகிற குரல். அது வரும் நொடியில் பாட்டு அந்த இடத்தை நிரப்பிவிடும். ஒரு தடவை தள்ளிய ஆளின் குரல் பிறகு தணிந்து வந்தாலும் விடாது. அப்படி ஒருவன் பேசினான் என்பதே அவளுக்குத் தெரியாது.

எது கேலி, எது கேலி இல்லை என்று கருவிக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? அங்கேதான் மேகலா ஒரு முடிவெடுத்தாள். வார்த்தைகளைப் புரிந்துகொண்டு பிரிக்கலாமா என்று அவள் முதலில் கேட்டபோது கிருபாகரன் கணக்குப் போட்டுக் காட்டினார்.

“வார்த்தையைப் புரிஞ்சுக்க ரெண்டு செகண்டு ஆகுங்க மேகலா. அதுக்குள்ள அந்தப் பொண்ணு கேட்டு முடிச்சிருக்கும்.”

“அப்போ வார்த்தை வேண்டாம்” என்றாள் மேகலா. “தொனி போதும். பின்னால நின்னுக்கிட்டுத் தெரியாத பொண்ணைக் கூப்பிடற ஆம்பளையோட தொனி எனக்குத் தெரியும். ரெண்டு வருஷம் கேட்டிருக்கேன்.”

ஒன்பது மாதம் தெருச் சத்தங்களைப் பதிவுசெய்து, ஒவ்வொன்றையும் அவளே கேட்டுக் குறி போட்டாள். ஒரு குரலுக்கு ஒரு நொடி. உயர்ந்து வருகிறதா, நீட்டி இழுக்கிறதா, தள்ளு. சொல்வதை முழுதாகக் கேட்கவே மாட்டாள். முழுதாகக் கேட்டால் ராத்திரி தூக்கம் வருவதில்லை என்பதும் ஒரு காரணம்.

தோழி வந்து இரண்டே வருஷத்தில் ஊரில் லட்சம் பெண்கள் சைக்கிள் மிதித்தார்கள். காய்கறிப் பையை மாட்டிக்கொண்டு, பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். நாற்பத்தொரு வயதில் மேகலாவும் ஒரு சைக்கிள் வாங்கினாள். குளத்துக் காற்று முகத்தில் அடிக்க, காதில் வயலின் ஓட, முதல் நாள் கரையைச் சுற்றி வந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்படி இருக்கையில்தான் மாரப்பன் சமாசாரம் நடந்தது.

மாரப்பன் பெரியகுளத்துக் கரையில் இளநீர் விற்பவர். ஐம்பத்தைந்து வயது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, நிவேதிகா என்கிற கல்லூரிப் பெண்ணைக் கையில் அரிவாளோடு இருநூறு மீட்டர் துரத்திக்கொண்டு ஓடினார். பெண் திரும்பிப் பார்த்துப் பயந்து வேகமாக மிதித்தாள், விழுந்தாள். கரையில் போனவர்கள் ஓடிவந்து பார்த்தபோது அவள் கழுத்துக்குப் பக்கத்தில் அரிவாளை வைத்துக்கொண்டு மாரப்பன் குனிந்திருந்தார். அப்புறம் கேட்க வேண்டுமா? ஆளுக்கு ஒரு உதை. தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. பெண்ணின் கழுத்தைச் சுற்றி விழுந்திருந்த கோட்டையும் அவர் கணக்கில் எழுதி, கொலை முயற்சி என்று வழக்கு.

எல்லாச் செய்தியிலும் நிவேதிகாவின் வாக்குமூலம் வந்தது. அதில் ஒரு வரியை மட்டும் மேகலா திரும்பத் திரும்பப் படித்தாள். அந்த ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை, சத்தமே போடாமல் ஓடி வந்தான், அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். கரையில் இருந்த மற்றவர்களும் அதையே சொன்னார்கள். பெண்கள் காதில் தோழி, ஆண்கள் காதில் வேறு ஏதாவது, அத்தனை பேர் காதிலும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாரப்பனைக் கேட்கலாமென்றால் அவர் வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். எழுதிக் காட்டவும் அவருக்கு அவ்வளவாக வராது.

நிவேதிகாவின் படத்தில் காதுக்குப் பின்னால் தோழி இருந்தது. மேகலா அதைப் பார்த்ததும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

தோழி தள்ளிவிட்ட குரல்கள் உடனே அழிவதில்லை. கருவி தன்னைத் திருத்திக்கொள்வதற்காகப் பத்து நாள் கம்பெனியின் பதிவுக் கிடங்கில் இருக்கும், பிறகு தானாக அழியும். வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்வதில்லை. எதையும் சேமிப்பதில்லை என்றுதான் பெட்டியில் அச்சடித்திருந்தது. மேகலாவுக்குக் கிடங்கின் சாவி உண்டு. அன்று காலை எட்டரை மணிப் பதிவைத் தேடி எடுத்துக் காதில் வைத்தாள்.

“அம்மிணீ... அம்மிணி, துப்பட்டா!”

முதல் குரலே அதுதான். கரகரத்த, நீட்டி இழுத்த, உயர்ந்துகொண்டே போகிற குரல். அவள் ஒன்பது மாதம் உட்கார்ந்து தள்ளு, தள்ளு என்று குறி போட்ட அதே தொனி. பின்னாலேயே செருப்புச் சத்தம் வந்தது. துப்பட்டா சக்கரத்தில் சிக்குது, நில்லு சாமி, மிதிக்காதே கண்ணு என்று மூச்சு வாங்க வாங்க அந்த மனிதர் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். மேகலா எண்ணினாள். பதினொரு தடவை. பிறகு சைக்கிள் விழும் சத்தம். பிறகு பக்கத்தில், தணிந்த குரலில், “ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல, ஆடாதே. கழுத்தை இறுக்குது, துணியை அறுத்துடறேன்.” அதற்கப்புறம் வேறு பல ஆண்களின் இரைச்சல். அந்தக் குரல் அதோடு நின்றுவிட்டது.

நம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காத ஒரு வழக்கம் உண்டு. சைடு ஸ்டாண்டு மடக்காமல் வண்டி போனால் எதிரே வருகிறவன் “ஸ்டாண்டு, ஸ்டாண்டு” என்று கத்துவான். சேலைத் தலைப்பு சக்கரத்துக்குப் பக்கம் பறந்தால் பஸ்ஸில் போகிறவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்துவான். பேர் தெரியாது, ஊர் தெரியாது, திரும்பப் பார்க்கப் போவதும் இல்லை. மேகலாவே காலேஜ் நாளில் மூன்று தடவை அப்படித் தப்பித்திருக்கிறாள். ஒரு தடவை சொன்னவன் அந்தப் பேக்கரி வாசல்காரன்தான். தோழியைச் செய்த ஒன்பது மாதத்தில் இது ஒரு நாள்கூட அவள் ஞாபகத்துக்கு வரவில்லை. கேலிக்கும் அதற்கும் தொனி ஒன்றுதான் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பதிவைக் கிருபாகரனிடம் போட்டுக் காட்டினாள். அவர் கடைசி வரை கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் இரண்டு பெண்கள்.

“இதைக் கொடுத்தா அவர் வெளியே வந்துடுவார், சரிங்க” என்றார். “மறுநாள் என்ன ஆகும்? தோழி போட்டா துப்பட்டா கழுத்தை இறுக்கும்னு பேப்பர்ல வரும். லட்சம் அப்பன்மார் லட்சம் சைக்கிளைப் பூட்டி வெப்பாங்க. உங்க அப்பா செஞ்சதைத்தான் அவங்களும் செய்வாங்க.”

அந்த இடத்தில் அடித்தால் அவள் விழுவாள் என்று தெரிந்து அடித்தாரா, தற்செயலா, தெரியாது. அவள் விழுந்தாள். முதலில் கருவியைத் திருத்திவிடலாம், எச்சரிக்கைக் குரலையும் கேலிக் குரலையும் பிரிக்கிற வழியைக் கண்டுபிடித்துவிடலாம், புதுத் தோழி வெளியே வந்த கையோடு பதிவைக் கொடுத்துவிடலாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். ஒரு மாதம் ஆகும் என்று மேகலா சொன்னாள். பதிவை அழியாமல் தனியாக ஒரு பிரதி எடுத்துத் தன் மேஜை இழுப்பறையில் பூட்டினாள்.

ஒரு மாதம் நாலு மாதமாயிற்று.

அந்த நாலு மாதமும் அவள் என்ன சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. இரண்டு நொடியை அரை நொடியாகக் குறைத்தாள், கால் நொடியாகக் குறைத்தாள். நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பு பகலெல்லாம் இருந்தது. இழுப்பறையைத் திறக்கும்போது மட்டும் அது இருக்காது. வாய்க் கம்பியை அவிழ்த்த பிறகு மாரப்பன் சொன்னதை யாரும் நம்பவில்லை; ஜாமீன் மறுத்தார்கள், இரண்டு தடவை. கரையில் அவர் தள்ளுவண்டியை யாரோ குளத்துக்குள் உருட்டிவிட்டார்கள். இளநீர், சோளம், பூ என்று வியாபாரம் செய்த மற்ற ஆண்களும் ஒவ்வொருவராக இடத்தைக் காலி செய்தார்கள். மேகலா எல்லாவற்றையும் படித்தாள், கேட்டாள், அடுத்த வாரம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். ஒரு நாள் என்று தள்ளினால் ஒன்பது நாள் தள்ளும் என்பது சும்மா சொன்ன பேச்சில்லை.

கடைசியில் புதுத் தோழி வெளியே வந்த மறுநாள் பதிவை நீதிமன்றத்தில் கொடுத்தாள். எப்போது கிடைத்தது என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னாள். வேலை போகும், வழக்கு வரும் என்று தெரிந்துதான் சொன்னாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். மாரப்பன் அந்த வாரமே வெளியே வந்தார்.

நிவேதிகா அவளைத் தேடிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தாள். கழுத்தைச் சுற்றி இன்னும் ஒரு கோடு இருந்தது. பதிவை முழுதாகக் கேட்டுவிட்டாளாம்.

“நான் பொய் சொல்லலைக்கா” என்றாள். “எனக்கு நிஜமாவே ஒண்ணும் கேட்கலை. பாட்டுதான் கேட்டுச்சு. அவர் வந்து துணியை அறுக்கறப்பகூட அந்தப் பாட்டுதான் ஓடிட்டிருந்துச்சு.”

மேகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ சொன்னது பொய்யில்லை, உன் காதில் பொய்யை வைத்தவள் நான் என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை.

கிருபாகரன் பயந்தது போல லட்சம் சைக்கிளையும் யாரும் பூட்டிவிடவில்லை. கொஞ்ச நாள் பேசினார்கள். புதுத் தோழி எச்சரிக்கையைக் கேட்கவிடுமாம் என்றதும் அடங்கிவிட்டார்கள். இதற்காகவா நாலு மாதம் என்று மேகலா நினைத்துக்கொண்டாள்.

வேலையை விட்டுப் போகிற நாளில் கிருபாகரன் ஒரு சந்தேகம் கேட்டார். புதுத் தோழி கேலியைச் சரியாகத் தள்ளுகிறது, வண்டிச் சத்தத்தைச் சரியாக விடுகிறது. ஆனால் எச்சரிக்கைக் குரல் என்கிற கணக்கில் மூன்று வாரமாக ஒன்றுகூட விழவில்லை. லட்சம் பேர் காதில் ஒன்றுகூடவா? எங்கோ பிழை இருக்கிறது, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்றார். மேகலா வரிவரியாகப் பார்த்தாள். பிழை எதுவும் தட்டுப்படவில்லை. நானே கொஞ்ச நாள் மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஒரு புதுத் தோழியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அதை மாட்டிக்கொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மாரப்பன் வீட்டுக்குக் கிளம்பினாள். வீடு குளத்துக்குத் தெற்கே, மேட்டுத் தெருவில். மன்னிப்புக் கேட்கப் போகிறவள் வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு கிலோ ஆப்பிள் வாங்கினாள். தாடை உடைந்தவருக்கு ஆப்பிள்! இதை யோசிக்கக்கூட அவளுக்கு அன்று புத்தி இல்லை. நிவேதிகாவுக்கு நேர்ந்ததற்குப் பிறகு அவள் துப்பட்டாவைக் கழுத்தில் போட்டு ஓட்டுவதில்லை. மடித்துப் பின்னால் கேரியரில் பழப்பையோடு சேர்த்துச் செருகினாள்.

கரை வரைக்கும் பாட்டு ஓடியது. மாரப்பன் கடை போட்டிருந்த புங்கமரத்தைத் தாண்டும்போது அதற்குமேல் கேட்க மனசு வரவில்லை. பாட்டை நிறுத்தினாள், தோழியைக் கழற்றவில்லை. பூ மார்க்கெட்டுப் பக்கம் சுமை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அவள் போவதைப் பார்த்தார்கள். பேக்கரி வாசலில் ஏழெட்டுப் பையன்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் பார்த்தார்கள், பார்த்துவிட்டு டம்ளருக்குள் குனிந்துகொண்டார்கள். ஒருவன் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. ஊர் எவ்வளவு மரியாதையாக மாறிவிட்டது என்று அவளுக்கு ஒரு கணம் நிறைவாகக்கூட இருந்தது. மேட்டில் சைக்கிள் கனத்தது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டு அழுத்தி மிதித்தாள்.

மாரப்பன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. மேகலா இன்னார் என்று சொல்லி, நாலு மாதம் பதிவை வைத்துக்கொண்டிருந்தவள் நான்தான் என்பதையும் சொன்னாள். அவர் மனைவி வேலாத்தாள் உள்ளேயிருந்து தண்ணீர்ச் சொம்போடு வந்தவர் அதைக் கேட்டு அப்படியே நின்றார். திட்டுவார் என்று மேகலா எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. வேலாத்தாள் சொம்பை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மாரப்பன் பேசுவதற்கு நேரமாயிற்று. ஒவ்வொரு வார்த்தையையும் மென்று வெளியே தள்ளுகிறவர் போலப் பேசினார்.

“அந்தப் பொண்ணுக்குக் கழுத்து சரியாயிருச்சுங்களா?”

சரியாகிவிட்டது என்றாள் மேகலா. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மன்னித்துவிடுங்கள் என்று அவள் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழப்பையை எடுக்கச் சைக்கிளருகே போன வேலாத்தாள்தான் அதைப் பார்த்தார். கேரியரிலிருந்து நழுவிய துப்பட்டா பின்சக்கரத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, கிழிந்து, மசகேறிக் கறுத்து, கட்டையாக இறுகிக் கிடந்தது. பாதித் துணி தெருவில் இழுபட்டுக் கந்தலாகியிருந்தது.

“ஏனுங்க அம்மிணி, இந்தக் கோலத்துலயா வந்தீங்க? இன்னும் ஒரு சுத்துச் சுத்தியிருந்தா குப்புறத் தள்ளியிருக்குமே. அவ்வளவு தூரத்துல ஒருத்தருமா சொல்லல?”

மேகலாவின் கை தானாகக் காதுக்குப் போனது. அடக் கடவுளே, மறுபடியும் தள்ளிவிட்டதா என்றுதான் முதலில் தோன்றியது. போனை எடுத்துத் தோழி தள்ளிய குரல்களைத் திறந்தாள். ஒன்றுமில்லை. உள்ளே விட்ட குரல்களைத் திறந்தாள். மணிச் சத்தம், நாய், ஒரு பஸ். பூ மார்க்கெட்டையும் பேக்கரியையும் தாண்டிய நேரத்தில் குரலே இல்லை, நீளமாக வெறும் கோடு. கருவியில் பிழை ஏதுமில்லை.

அவள் நிமிர்ந்து மாரப்பனைப் பார்த்தாள். தெரு முழுக்கத் தெரிகிற இடத்தில்தான் அவர் நாற்காலி இருந்தது.

“பார்த்தனுங்க” என்றார் அவர். “நீங்க முக்குல திரும்பையிலயே பார்த்தேன்.”

அவர் கை தாடைக்குப் போய், பள்ளம் விழுந்த இடத்தைத் தடவியது.

“வாய் வரைக்கும் வந்துச்சுங்க” என்றார்.

வேலாத்தாள் உள்ளே போய்க் காய் நறுக்கும் கத்தியை எடுத்துவந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார். மேகலா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.